சுவரை விடுங்கள், முதலில் முட்டி போட்டுப் பாருங்கள்

கேள்வி: இந்த வருஷம்தான் முதல்முறையாக 4 வயதுக் குழந்தைகளின் வகுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. 24 பேர். உதவியாளர் பாதி நாள்தான் வருவார். விடுமுறையில் என் கைக்காசைப் போட்டு எழுத்து, எண், வடிவம், நிறம், விலங்கு, வாகனம், கிழமை, மாதம், நல்ல பழக்கங்கள் என்று சார்ட்டுகள், பிறந்தநாள் ரயில், மேலே தொங்கும் அலங்காரம், ஜன்னல் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி முடித்தேன். பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். ஆனால் குழந்தைகள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், பொம்மைக்குச் சண்டை, யாரும் எதிலும் ஐந்து நிமிஷம் நிற்பதில்லை. சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. தப்பு அறையிலா, என்னிடமா? சுவர் இன்னும் நிறைவாக இருக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். பொருள் வாங்கக் கொஞ்சம் பணமும் தருகிறேன் என்கிறார். முதலில் எதை வாங்கலாம்? இன்னொன்று, மற்றவர்கள் கட்டுவதையெல்லாம் இடித்துத் தள்ளுகிற பையன் ஒருவன் இருக்கிறான். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுக்காக "யோசிக்கும் நாற்காலி" ஒன்று போடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

தொண்டை கட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் உங்கள் அறையை எனக்குக் காட்டியது. ஒரு மழலையர் வகுப்பைப் பார்க்கப் போனால் நான் முதலில் கவனிப்பது டீச்சர் என்ன பேசுகிறார் என்பதைத்தான். "ஓடாதே", "அதைத் தொடாதே", "கொஞ்சம் இரு", "மிஸ் எடுத்துத் தரேன்", "பார்த்துப் போ, இடிக்காதே", "சத்தம் போடாதீங்க"... காலையிலிருந்து இதே வாக்கியங்கள் சுற்றிச் சுற்றி வந்தால், அறை செய்ய வேண்டிய வேலையை டீச்சரின் தொண்டை செய்துகொண்டிருக்கிறது என்று புரிந்துவிடும்.

அதனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். உதவியாளர் இருக்கிற நேரத்தில் அவரையே போடச் சொன்னால் இன்னும் நேர்மையாக வரும். சாயங்காலம் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எந்த அலமாரியை நகர்த்த வேண்டும், எதைக் கீழே இறக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தப்பு அறையிலா என்னிடமா என்று கேட்டீர்கள். முக்கால்வாசி அறையில் இருக்கும் என்பது என் ஊகம்.

"ஓடாதே"க்குக் கோடு அதிகம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் அறையில் கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராக ஒரு வெற்றுத்தரை இருக்கும், மேஜை, அலமாரி எல்லாம் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்கும். பெருக்கச் சுலபம், பார்க்கவும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் 4 வயதுக் கால்கள் நீளமான காலியிடத்தைப் பார்த்தால் ஓடத்தான் செய்யும். அலமாரிகளைச் சுவரிலிருந்து இழுத்துக் குறுக்காகப் போடுங்கள், நேர்ப்பாதை உடையட்டும், அறை மூன்று நான்கு சின்ன இடங்களாகப் பிரியட்டும். உங்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் போகும் அலமாரியை மட்டும் நடுவில் நிறுத்த வேண்டாம். அறையில் எங்கே நின்றாலும் எல்லாத் தலையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நடுவில் நிற்பது ஆடக் கூடாது, ஒரு குழந்தை பிடித்து ஏறினாலும் சாயக் கூடாது. உயரமானவை சுவரிலேயே இருக்கட்டும், திருகாணி போட்டுப் பிடித்துவிடுங்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வரும் குழந்தை இருந்தால், ஏன், நாளைக்கு வரக்கூடும் என்றாலே, நடுவழி ஒரு மீட்டர் அகலமாவது இருக்கட்டும்.

குழந்தைகள் போன பிறகு இன்னொரு வேலையும் செய்யுங்கள். கதவருகே முட்டி போட்டு உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். 4 வயதுக் குழந்தையின் உயரம் சுமாராக 1 மீட்டர், கண் அதற்கும் கீழே. அங்கிருந்து பார்த்தால் நீங்கள் பாடுபட்டு ஒட்டிய எழுத்து வரிசை, தலையை அண்ணாந்தால்தான் தெரியும். தாராளமாகத் தெரிவது மேஜையின் அடிப்பக்கம், அலமாரியின் பூட்டு, உங்கள் நாற்காலியின் கால். நல்ல பொம்மைகள் எல்லாம் மேல்தட்டில் இருக்கும், பத்திரமாக, "மிஸ் எடுத்துத் தரேன்" என்று நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்லும்படியாக.

இந்தப் பூட்டு விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்திலும் பொருட்களைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள், டீச்சர் வந்து எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டு, மறுநாள் அவர் தாமதமாக வந்து பார்த்தால் குழந்தைகள் கதவைத் திறந்து, ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். டீச்சருக்கு அது திருட்டாகப் பட்டது. மாண்டிசோரிக்கோ, இந்தக் குழந்தைகளுக்கு எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்பது பட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே தாழ்வான, பூட்டில்லாத அலமாரிகள் வந்தன.

சரி, சுவர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஒரு சோதனை 2014-இல் வெளிவந்தது. உங்கள் வகுப்பைப் போலவே 24 குழந்தைகள், கொஞ்சம் பெரியவர்கள். 6 சின்ன அறிவியல் பாடங்கள். மூன்று பாடத்தின்போது சுவரெல்லாம் அலங்காரம், மூன்றின்போது பாடத்துக்கு வேண்டியதைத் தவிர ஒன்றுமில்லை. அலங்காரம் இருந்தபோது பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போயிருந்தது, இல்லாதபோது 28.4. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை, அலங்கார அறையில் 42 சதவீதம், வெறும் அறையில் 55. சின்னச் சோதனைதான், இதை வைத்துக்கொண்டு எல்லாச் சுவரையும் மொட்டையாக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் அறையிலும் குழந்தைகள் கவனம் சிதறியது, அப்போது பக்கத்தில் இருக்கிறவனோடு பேச்சு, தன் சட்டைப் பொத்தானோடு விளையாட்டு. ஆனாலும் வாத்தியார் பேசும்போது அவருக்குப் பின்னால் ஒன்பது சார்ட்டும் சேர்ந்து பேசினால் குழந்தை யாரைத்தான் கேட்கும்?

நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லாவற்றையும் ஒரு வெள்ளிக்கிழமை கழற்றிப் பத்திரமாகச் சுருட்டி வையுங்கள். திங்கட்கிழமை ஒன்றுமில்லாத சுவரோடு தொடங்குங்கள். எது வேண்டும் என்று தோன்றுகிறதோ அதை, அது பயன்படுகிற இடத்தில், குழந்தையின் கண்ணுக்கு நேராக மட்டும் திரும்ப வையுங்கள். எழுத்து வரிசை எழுதும் மேஜைக்கு நேரே, கை கழுவும் படங்கள் குழாய்க்கு மேலே, ஒரு நாளில் எதற்குப் பிறகு எது என்று காட்டும் படவரிசை எல்லோரும் வட்டமாக உட்காரும் இடத்தில். நீங்கள் வட்டத்தில் உட்கார்ந்து கதை சொல்வீர்களே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுவர் காலியாகவே இருக்கட்டும். ஜன்னல் ஸ்டிக்கரை இன்றைக்கே சுரண்டிவிடுங்கள், தயவுசெய்து. வெளிச்சம் இலவசமாக வருகிறது, வெளியே மரமோ காக்கையோ தண்ணீர் வண்டியோ தெரியும். எதற்காக அதை மூடி அதன்மேல் கார்ட்டூன் முயலை ஒட்ட வேண்டும்?

மீதிச் சுவர் குழந்தைகளுக்கு. எல்லோரும் ஒரே வெட்டில் செய்த 24 பட்டாம்பூச்சி வேண்டாம், அவை டீச்சர் செய்தவை, குழந்தைகள் பசை மட்டும் தடவியிருப்பார்கள். ஒரு பெண் காகிதம் முழுக்கச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து, ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறாள் என்று வையுங்கள். "மழையா?" என்று நீங்கள் கேட்டால், "மழை இல்ல மிஸ், மழை போனதுக்கு அப்புறம்" என்பாள். அந்த வாக்கியத்தை அவள் சொன்னபடியே படத்துக்குக் கீழே, அவள் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். தான் பேசியது எழுத்தாகிறது, அதை யாரும் எப்போதும் திரும்பப் படிக்கலாம் என்பதை அவளுக்கு எந்த சார்ட்டும் இதைவிட நன்றாகச் சொல்லித்தராது.

தலைமையாசிரியரிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கு வேண்டியது பெற்றோர் வந்தால் காட்ட ஏதாவது, அது நியாயமான ஆசைதான். வகுப்புக்கு வெளியே, கதவுப் பக்கச் சுவரை அதற்கென்று கேட்டு வாங்குங்கள். அங்கே குழந்தைகளின் படங்கள், அவர்கள் சொன்னவை, அவர்கள் கட்டிய ஒரு பாலத்தின் நாலைந்து போட்டோ, பக்கத்தில் இரண்டு வரி: இதைக் கட்டும்போது எதை எண்ணினார்கள், எதற்குச் சண்டை வந்தது, எப்படித் தீர்ந்தது. கடையில் வாங்கிய சார்ட்டைப் பெற்றோர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வார்கள், தன் பிள்ளை சொன்ன வாக்கியத்தை நின்று படிப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களையும் கூட்டிவந்து காட்டுவார்கள். சூழல்தான் மூன்றாவது ஆசிரியர் என்று இத்தாலியின் ரெஜியோ எமிலியா பள்ளிக்காரர்கள் சொல்வதைப் பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். அந்த வாசகத்தையே பளபளவென்று பெரிய எழுத்தில் வெட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டிய வகுப்பறைகளும் இருக்கின்றன.

அடுத்தது சத்தம், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. காலி அறையில் ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டிய ஒலி டக்கென்று நின்றுவிடுகிறதா, இல்லை கொஞ்சம் இழுக்கிறதா? வழவழப்பான தரை, வெறும் கான்கிரீட் கூரை, கண்ணாடி இவை மூன்றும் சேர்ந்தால் இழுக்கத்தான் செய்யும். அமெரிக்கத் தர அமைப்பு சாதாரண அளவு வகுப்பறைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, ஆளில்லாதபோது பின்னணிச் சத்தம் 35 டெசிபல், ஒலி அடங்கும் நேரம் 0.6 வினாடி. பெரும்பாலான வகுப்பறைகள் அதன் பக்கத்திலேயே வராது. இது உங்களுக்கு வெறும் எரிச்சல், குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய தொல்லை. இரைச்சலில் பாதிச் சொல் காதில் விழாவிட்டாலும் பெரியவர்கள் மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்வோம், நமக்குச் சொற்கள் தெரியும். இப்போதுதான் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிற குழந்தை எதை வைத்து நிரப்பும்? நீங்கள் குரலை உயர்த்த, அவர்களும் உயர்த்த, பத்தரை மணிக்கெல்லாம் சந்தைக்கடை.

இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். தரையில் தடித்த விரிப்பு, ஜன்னலுக்குத் துணித் திரை, அலமாரிகளின் வெறும் முதுகில் துணி, பிளாக், அதாவது அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் இருக்கும் இடத்தில் கட்டாயம் ஒரு பாய் அல்லது விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணியோ ரப்பரோ. பின்னணியில் பாட்டு ஓடவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பாட்டு பாடும் நேரத்துக்குப் பாட்டு, மற்ற நேரத்தில் வேண்டாம். வகுப்பில் டிவி இருந்தால் அதையும் மூடி வையுங்கள். முக்கியமாக, தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள், கிட்டே போய்க் குனிந்து பேசுங்கள். காலுக்கு வேலை கூடும், தொண்டைக்குக் குறையும்.

இனி மூலைகள். எத்தனை மூலை வைக்கலாம், அதற்கு என்ன பெயர்ப்பலகை என்று கேட்பவர்கள் உண்டு, எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தமான பிளாக்கும் பாவனை விளையாட்டும் ஒரு பக்கம், புத்தகமும் புதிர்களும் எதிர்ப்பக்கம், தண்ணீர், வண்ணம், களிமண் எல்லாம் குழாய்க்கு அருகே. பிளாக் இடம் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தால் தினமும் கோபுரம் விழும், தினமும் அழுகை வரும், நீங்களும் தினமும் "பார்த்துப் போ" என்பீர்கள். இரண்டு, இடங்களின் எண்ணிக்கை. 24 குழந்தைக்கு 24 இடம் இருந்தால் கணக்குச் சரி என்று தோன்றும். ஆனால் ஒருவன் ஒன்றை முடித்துவிட்டு எழுந்தால் அவன் போக ஒரு இடமும் காலியாக இருக்காது, அவன் யாரையாவது தள்ளித்தான் உட்கார வேண்டும். சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஆளைப்போல ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு, உட்கார்ந்து ஏதாவது செய்ய இடம் வேண்டும். ஒரு பெட்டி மணல் என்றால் நாலு பேர், விரிப்பும் நூறு பிளாக்கும் என்றால் நாலைந்து பேர், தனியாக ஒரு புதிர் என்றால் ஒருவர், இப்படி எண்ணிக் கூட்டிப் பாருங்கள்.

அறையே சின்னது என்றால் அது வேறு கதை. இங்கிலாந்தின் விதியில் 3 வயது நிரம்பிய குழந்தைக்கு ஆளுக்கு 2.3 சதுர மீட்டர், அமெரிக்காவில் பல மாநிலங்களில் 35 சதுர அடி. உங்கள் 24 பேருக்கு முதல் கணக்கில் 55 சதுர மீட்டர், இரண்டாவதில் 840 சதுர அடி வருகிறது, அதுவும் குழந்தைகள் உண்மையில் பயன்படுத்துகிற இடம் மட்டும். டேப்பை வைத்து அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் வெளியேற வேண்டியது உங்கள் பெரிய மேஜைதான். மன்னிக்கவும், ஆனால் அது பெரும்பாலும் நோட்டுப் புத்தகம் அடுக்கத்தான் பயன்படும், அந்த வகுப்பில் நீங்கள் உட்காரப்போவதும் இல்லை.

என்ன வாங்கலாம் என்றால், மர பிளாக்குகள். தயக்கமே இல்லாமல் சொல்வேன். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை நூறு வருஷத்துக்கு முன்பு வகுத்த அளவில்தான் இன்றும் நல்ல பிளாக்குகள் வருகின்றன: தடிமனைப் போல இரண்டு மடங்கு அகலம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். வண்ணம், படம் ஒன்றும் கிடையாது, அதனால்தான் அது இன்று வீடு, நாளைக்கு ஆஸ்பத்திரி. பாலத்துக்கு நீளக்கட்டை தீர்ந்துபோய் ஒரு குழந்தை தேடுவதைக் கவனியுங்கள்: சின்னக் கட்டை இரண்டை முனையோடு முனை சேர்த்து வைத்து, நீளக்கட்டையோடு ஒட்டி விரலால் முனையைத் தடவிப் பார்ப்பான், சமமாக இருக்கும், இன்னொரு தடவை தடவிப் பார்ப்பான், அப்புறம் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடிந்தால் நீங்கள் நல்ல டீச்சர். வாங்கினால் நிறைய வாங்குங்கள், நாலு பேருக்கு இருபது பிளாக் என்பது சண்டைக்கான ஏற்பாடு. பத்து வகைப் பொம்மையில் ஒவ்வொன்று வாங்குவதைவிட மூன்று வகையில் மும்மூன்று வாங்குவது இந்த வயதுக்கு எவ்வளவோ மேல். பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தர வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரே லாரிக்கு ஆறு பேர் காத்திருந்தால் காத்திருக்கத்தான் கற்பார்கள், அதையும் அழுதுகொண்டே.

பணம் மிச்சமிருந்தால் நல்ல கத்தரிக்கோல் நாலைந்து, இடதுகைக்காரர்களுக்கு ஒன்றிரண்டு சேர்த்து. இடதுகைக் குழந்தைக்கு வலதுகைக் கத்தரியைக் கொடுத்துவிட்டு "ஒழுங்கா வெட்டு" என்பது கொடுமை. பிளாஸ்டிக் சமையல் செட், விளக்கு எரியும் கம்ப்யூட்டர் பொம்மை எல்லாம் வேண்டாம். பாவனை விளையாட்டுக்குப் பெரிய அட்டைப்பெட்டி, சில கஜம் துணி, வேலை செய்யாத பழைய போன், பை, தொப்பி, ஒரு நோட்டு, பென்சில் போதும். நோட்டும் பென்சிலும் இருந்தால் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவார், கடைக்காரர் கணக்கு எழுதுவார், கிறுக்கல்தான், ஆனால் இடமிருந்து வலமாக வரும் கிறுக்கல். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் அந்த அறைக்கு வருவதாக இருந்தால், 3.2 சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும் அளவு அது.

இருக்கிற எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்காதீர்கள். ஒரு அடுக்கில் மூன்று நான்கு பொருள், நடுவில் இடைவெளி, ஒவ்வொன்றும் மூடியில்லாத ஒரு தட்டிலோ கூடையிலோ. அது இருக்க வேண்டிய இடத்தில் அதன் படத்தையோ வெளிக்கோட்டையோ வரைந்து ஒட்டிவிட்டால் எடுத்து வைப்பது ஒரு பொருத்து விளையாட்டாகிவிடும், "எல்லாம் எடுத்து வைங்க" என்று பத்து முறை கத்த வேண்டாம். மீதியை உள்ளே வைத்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புத்தகமும் அப்படித்தான், முதுகு தெரிய நெருக்கி வைத்த நாற்பதைவிட அட்டை முகம் தெரிய வைத்த எட்டு புத்தகத்தைக் குழந்தை எடுத்துப் பார்க்கும்.

அறையை எவ்வளவு சரி செய்தாலும் நாளைத் துண்டு துண்டாக நறுக்கினால் பயனில்லை. யாரும் எதிலும் ஐந்து நிமிஷம் நிற்பதில்லை என்கிறீர்கள், உங்கள் அட்டவணையில் இஷ்டப்பட்ட விளையாட்டுக்கு எவ்வளவு நேரம்? இருபது நிமிஷம் என்றால் அவர்கள் மேல் குறையில்லை. இந்த வயதில் ஒரு விளையாட்டு கூடிவரவே நேரமாகும்: யார் டாக்டர், யார் நோயாளி என்று முடிவாகவே பத்து நிமிஷம், தகராறு ஐந்து நிமிஷம், ஊசி போட ஆரம்பிக்கும்போது நீங்கள் மணி அடித்துவிடுவீர்கள். அடுத்த நாள் அவர்கள் ஆரம்பிக்கவே மாட்டார்கள், எப்படியும் கலைத்துவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டதே. உடையாத ஒரு முழு மணி நேரம் காலையில் கொடுத்துப் பாருங்கள், முதல் வாரம் கலவரமாக இருக்கும், தாக்குப்பிடியுங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தையும் ஒருநாள் கடிகாரத்தில் பாருங்கள், கை கழுவ, கழிப்பறைக்கு, வெளியே போக என்று. அதிர்ச்சியாக இருக்கும். கதை முடிந்ததும் 24 பேரையும் ஒன்றாக எழுப்பாமல் ஆறாறு பேராக அனுப்புங்கள், மற்றவர்களோடு பாட்டுப் பாடிக்கொண்டிருங்கள். 3, 4 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிஷம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிஷமாவது நன்றாக மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. உள்ளே "ஓடாதே" என்று சொல்லும் உரிமை, வெளியே ஓட விட்ட பிறகுதான் நமக்கு வரும். அடம்பிடித்த பையனின் வெளி விளையாட்டை ரத்து செய்வது எல்லாவற்றிலும் மோசமான தண்டனை, அவனைவிட உங்களுக்கு.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 4 வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், 10 பேருக்கு ஒரு பெரியவர் என்பது அமெரிக்காவில் மழலையர் கல்விக்கான தேசிய சங்கம் வைத்திருக்கும் அளவு. நீங்கள் 24 பேரோடு பாதி நாள் தனியாக இருக்கிறீர்கள். அலமாரியை நகர்த்துவதால் சமாளிப்பது சுலபமாகும், இன்னொரு ஜோடிக் கை முளைக்காது. தலைமையாசிரியர் தருகிற பணத்தைப் பொருளாக வாங்காமல் உதவியாளரின் இன்னொரு மணி நேரமாகக் கேட்டு வாங்க முடியுமென்றால், பிளாக்கைப் பற்றி நான் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், உதவியாளர் இருக்கும் நேரத்தில் வண்ணம், தண்ணீர் போன்ற கை தேவைப்படும் வேலைகளை வையுங்கள்.

கடைசியாக அந்தப் பையன். யோசிக்கும் நாற்காலி வேண்டாம். அதில் உட்காரும் 4 வயதுக்காரன் தன் தப்பை யோசிப்பதில்லை, எப்போது எழுந்திருக்கலாம் என்று யோசிப்பான், இரண்டு வாரத்தில் அது "அவன் நாற்காலி" என்று மற்ற 23 பேருக்கும் பதிந்துவிடும். அதே மூலையில் வேறொன்று செய்யலாம்: ஒருவரோ இருவரோ மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சின்ன இடம், மெத்தை, துணித் திரை, ஒரு புத்தகம். யாரையும் அனுப்புவதற்கில்லை, யாருக்கு வேண்டுமோ அவர்கள் போவதற்கு. ஆறு மணி நேரம் 24 பேரோடு இருப்பது பெரியவர்களுக்கே தாங்காது.

அவன் இடிப்பதைத் தடுப்பதற்கு முன்னால், இடிக்கும் நொடிக்கு முன்பு அவன் என்ன செய்கிறான் என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் தள்ளுகிறானா? அப்படியென்றால் அவனுக்கு அந்த விளையாட்டில் சேர வேண்டும், எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீங்களே அவனோடு போய் உட்கார்ந்து, "இவனும் லாரி ஓட்டறான், மணல் எங்கே இறக்கணும்?" என்று அவனுக்கு ஒரு வேலையோடு உள்ளே நுழைத்துவிடுங்கள். அப்படியில்லாமல் விழும் சத்தத்துக்காகவே தள்ளுகிறான் என்றால், விரிப்பின் ஒரு ஓரத்தில் டேப் ஒட்டி, இந்தப் பக்கம் கட்டுவதை இடிக்கலாம், அந்தப் பக்கம் கட்டியவர்களைக் கேட்டுத்தான் தொட வேண்டும் என்று எல்லோரையும் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அட்டைப்பெட்டிகளைக் கொடுத்தால் அவன் ஆசை தீர இடிக்கலாம்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்கள் கீழ்ப்படியாமையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதுகுப் பக்கம் நின்று, சாதாரணக் குரலில், அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அமைதியான நேரத்தில் ஒருமுறை, இரைச்சலில் ஒருமுறை. சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி, வலி எதுவும் இல்லாமலே வாரக்கணக்கில் காது மந்தமாக இருப்பது இந்த வயதில் ரொம்ப சகஜம், வீட்டின் அமைதியில் பெற்றோருக்கும் அது தெரியாமல் போகலாம். இரண்டு தடவையும் திரும்பவில்லை என்றால், ஏன் இரைச்சலில் மட்டும் திரும்பவில்லை என்றாலும்கூட, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இடிக்கிறான், அடங்குவதில்லை என்று ஆரம்பிக்காமல், "காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாமா" என்று மட்டும் கேளுங்கள். அதுவரை வட்டத்தில் அவனை உங்களுக்கு எதிரே, உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள்.